நீங்கள் பூட்டிய அந்த அறை: பள்ளி நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கு,

மூன்று முறை எழுத்தில் எச்சரிக்கை, நான்காவது முறை பள்ளியை விட்டு நீக்கம் என்ற புது விதியும், ஆலோசகர் பணியிடம் எடுக்கப்படுகிறது, அவருடைய அறையில் இனி பழைய பதிவேடுகள் வைக்கப்படும் என்ற அறிவிப்பும் ஒரே தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்தன. அது வந்து 6 வாரம் ஆகிறது. இந்த 6 வாரத்தில் நான் வளர்க்கும் பையனுக்கு 3 எச்சரிக்கைக் கடிதமும் வந்துவிட்டது. அதற்கு முந்தைய 14 மாதத்தில், அந்த ஆலோசகர் இருந்தவரை, ஒரு புகார்கூட வந்ததில்லை. இந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் என்று நேரில் வந்து சொன்னேன். "ஒரு பையனுக்காக விதியை மாத்த முடியாதுங்க" என்று பதில் வந்தது. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். நான்காவது கடிதம் வரும்வரை என்னால் காத்திருக்க முடியாது.

அவன் என் அக்கா மகன். 6 வயதில் எங்களிடம் வந்தான், இப்போது 11. அதற்கு முன் அவன் வீட்டில் என்ன நடந்தது என்பதை இங்கே எழுத மாட்டேன். அது அவனுடையது, பெரியவனாகிச் சொல்ல வேண்டும் என்று தோன்றினால் அவனே சொல்லிக்கொள்வான். இந்த மடலை வெளியிடும் முன் அவனுக்குப் படித்துக் காட்டினேன், வேண்டாம் சித்தி என்று அவன் சொன்ன இரண்டு இடங்களை எடுத்துவிட்டேன். மீதி எல்லாம் அவன் வந்த பிறகு நான் கண்ணால் பார்த்தது.

முதல் ஒரு வருஷம் அவன் செருப்பைக் கழற்றாமல் தூங்கினான். புத்தகப் பையில் இரண்டு சட்டையை மடித்து வைத்து, அந்தப் பையை வாசல் கதவுப் பக்கம் வைத்திருப்பான். ஏன் என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை, நானும் அப்புறம் கேட்கவில்லை. எந்த அறைக்குப் போனாலும் முதுகு சுவரில் படும்படி உட்காருவான். பூட்டில் சாவி திரும்பும் சத்தத்தை வைத்தே வருவது யார், எந்த மனநிலையில் வருகிறார் என்று சொல்லிவிடுவான், அது பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். அடுத்த அறையில் ஏதாவது கீழே விழுந்தால், யாரும் எதுவும் கேட்பதற்கு முன்பே "நான் இல்லை" என்பான். ஒரு நாள் என் கையிலிருந்து ஒரு டம்ளர் நழுவி விழுந்தது, அதற்கும் "நான் இல்லை" என்றான். நான் அவன் எதிரில்தான் நின்றுகொண்டிருந்தேன். அது தன் மேல் வராது என்று அவனுக்குத் தெரியவில்லை.

இதை நான் பரிதாபம் தேடிச் சொல்லவில்லை. உங்கள் கடிதங்களில் "அடங்காமை", "கவனமின்மை", "மரியாதைக் குறைவு" என்று எழுதியிருப்பதற்கும் இதற்கும் நேரடியான தொடர்பு இருக்கிறது. ஒவ்வொரு கடிதமாக எடுத்துச் சொல்கிறேன்.

முதல் கடிதம், ஆசிரியரைப் பிடித்துத் தள்ளியது. வகுப்பில் சத்தம் அதிகமாக இருந்திருக்கிறது, ஆசிரியர் பின்னாலிருந்து வந்து அவன் காலரைப் பிடித்துத் தூக்கியிருக்கிறார், அவன் திரும்பித் தள்ளியதில் அவர் மணிக்கட்டு மேஜையில் இடித்திருக்கிறது. அவருக்கு வலித்தது உண்மை. நானும் அவனும் போய் மன்னிப்புக் கேட்டோம், அவரும் பெருந்தன்மையாகப் பேசினார், அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்த ஒரு நொடியில் அவன் தலைக்குள் என்ன நடந்தது என்று தெரியாமல் நீங்கள் தண்டனை எழுதியிருக்கிறீர்கள். மூளையில் அமிக்டலா என்று பாதாம் பருப்பு அளவுக்கு ஒரு பகுதி இருக்கிறது, ஆபத்தைக் கண்டால் உடம்பை உசுப்பிவிடுவது அதன் வேலை. யோசித்து, நிதானித்து, "இவர் ஆசிரியர், அடிக்க வரவில்லை" என்று சொல்ல வேண்டிய பகுதி நெற்றிக்குப் பின்னால் இருக்கிறது. அந்த முன்நெற்றிப் பகுதி முழுசாக முதிர 20 வயதின் நடுப்பகுதி வரை ஆகும், அது எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவானது. பயம் உச்சத்துக்குப் போகும்போது பெரியவர்களுக்கே அந்தப் பகுதியின் பிடி தளர்ந்துவிடும். சின்ன வயதில் மறுபடி மறுபடி பயந்து வாழ்ந்த பிள்ளைக்கு அமிக்டலா சீக்கிரம் சீறக் கற்றிருக்கும், அதை அமர்த்த வேண்டிய பகுதி இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும். காலர் பின்னால் இழுபட்டதும் அவன் கைதான் முதலில் நகர்ந்தது. யோசனை வந்து சேர்ந்தபோது அவன் மாடிப்படிக்கு அடியில் சுருண்டு உட்கார்ந்திருந்தான், அங்கேதான் அவனைக் கண்டுபிடித்தீர்கள்.

2011-ல் லண்டனில் ஈமன் மெக்ரோரியும் அவர் குழுவினரும் குடும்ப வன்முறைக்கு ஆளான பிள்ளைகளின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். கோபமான முகங்களைக் காட்டியபோது அமிக்டலாவும் இன்சுலா என்ற பகுதியும் மற்றப் பிள்ளைகளைவிட அதிகமாகத் தூண்டப்பட்டன. போர்க்களத்தில் இருந்துவிட்டு வந்த ராணுவ வீரர்களிடமும் இதே போன்ற மாற்றத்தைத்தான் முன்பே பார்த்திருந்தார்கள். அந்தப் பிள்ளைகள் யாருக்கும் மனநோய் என்று எந்த மருத்துவரும் சொல்லியிருக்கவில்லை, உங்கள் வகுப்பறையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் போலத்தான் இருந்தார்கள். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று நாம் கேலியாகச் சொல்கிறோமே, அந்த அரண்ட கண் பார்க்கிற விதம் மூளைக்குள் பதிந்து கிடக்கிறது என்பதைத்தான் அந்தப் படங்கள் காட்டின.

இரண்டாவது கடிதம், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் முறைத்துப் பார்த்தான் என்பது. அவன் முறைக்கவில்லை, உறைந்துபோயிருந்தான். ஓடவும் முடியாது, எதிர்க்கவும் முடியாது என்ற நிலையில் ஒரு சின்ன உடம்பு செய்யக்கூடிய கடைசிக் காரியம் அசையாமல் இருப்பது, இருக்கும் இடத்திலிருந்து மனசை எடுத்துவிடுவது. வீட்டிலும் பார்த்திருக்கிறேன். கண் நம் மேல் இருக்கும், ஆள் இருக்க மாட்டான். அந்த நேரத்தில் குரலை உயர்த்தினால் அவன் இன்னும் உள்ளே போய்விடுவான், பேரைச் சொல்லி மெதுவாகக் கூப்பிட்டு, கையில் எதையாவது கொடுத்து, ஜன்னலுக்கு வெளியே என்ன தெரிகிறது என்று கேட்டால் இரண்டு மூன்று நிமிஷத்தில் திரும்பி வருவான். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கள் அனுப்பிவிட்ட அந்த ஆலோசகர்தான்.

மூன்றாவது கடிதம்தான் என்னை ரொம்பவும் பாதித்தது. வேறொரு பையனை ஆசிரியை சத்தமாகத் திட்டிக்கொண்டிருந்தபோது இவன் அனுமதி கேட்காமல் எழுந்து வெளியே ஓடினான் என்று எழுதியிருந்தீர்கள். அன்று இரவு அவனிடம் கேட்டேன். "டீச்சர் முகம் மாறிடுச்சு சித்தி, அடுத்து கை வரும்" என்றான். அடுத்து கை வரவில்லை. அந்த ஆசிரியை எந்தப் பிள்ளையையும் அடிப்பவர் இல்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் ஒரு முகம் மாறுவதற்கும் அடி விழுவதற்கும் நடுவில் எத்தனை நொடி என்று கணக்குப் பார்த்து வாழ்ந்த பிள்ளை அவன். அமெரிக்காவில் சேத் போலக் என்ற உளவியல் ஆய்வாளர், சாதாரண முகத்திலிருந்து கோப முகத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மாறும் படங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டிப் பார்த்தார். அடிபட்டு வளர்ந்த பிள்ளைகள் கோபம் இலேசாகத் தெரியும்போதே அதைக் கோபம் என்று சொன்னார்கள். அந்தத் திறமை ஒரு காலத்தில் அவர்களைக் காப்பாற்றியிருக்கும். வகுப்பறையில் அதுவே அவர்களுக்கு எதிராகத் திரும்பிவிடுகிறது, ஏனென்றால் கரும்பலகையைப் பார்க்க வேண்டிய கண் ஆசிரியரின் புருவத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. கவனக்குறைவு என்று நீங்கள் எழுதுவது இதைத்தான். அவனிடம் கவனம் நிறைய இருக்கிறது, அத்தனையும் ஆபத்தைக் காவல் காப்பதிலேயே செலவாகிறது.

"அதெல்லாம் நடந்து அஞ்சு வருஷம் ஆச்சே, இப்பதான் நல்லா இருக்கானே, இன்னுமா மறக்கலை?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, நிறையப் பேர் இதையே கேட்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பிறக்கும்போது குழந்தையின் மூளை பெரியவர்களின் மூளையில் ஏறக்குறைய கால் பங்குதான் இருக்கும், 6 வயதுக்குள் 90 சதவீத அளவை எட்டிவிடும். அந்த வருஷங்களில் நரம்பணுக்களுக்கு இடையே இணைப்புகள் தேவைக்கு மேல் ஏராளமாக உருவாகின்றன, அப்புறம் எது அடிக்கடி பயன்படுகிறதோ அது பலப்படும், பயன்படாதது கழிக்கப்படும். குழந்தை அழும்போது யாரோ ஒருவர் எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டால் ஒரு பாதை பலப்படும். அழுதால் அடி விழும் என்றால் வேறு ஒரு பாதை பலப்படும். அவன் மூளை கெட்டுப்போகவில்லை, எந்த வீட்டில் வளர்ந்ததோ அந்த வீட்டுக்கு ஏற்ற மாதிரி வளர்ந்திருக்கிறது. வீடு மாறி 5 வருஷம் ஆகிவிட்டது, ஆனால் அதற்கு முந்தைய 6 வருஷம்தான் அஸ்திவாரம் போட்ட வருஷங்கள்.

அப்புறம் கார்டிசோல். பயந்தால் உடம்பு இதைச் சுரக்கும், பயம் போனால் அளவு குறையும், அது நல்லதுதான், பரீட்சைப் பயம்கூட ஓர் அளவுக்கு நல்லதுதான். பக்கத்தில் அணைத்துக்கொள்ள ஒருவர் இருந்தால் குழந்தை சீக்கிரம் இயல்புக்கு வந்துவிடும். பயமே ஓயாமல், பயமுறுத்துபவரே பாதுகாக்க வேண்டியவராகவும் இருந்தால், அந்த ஏற்பாடு முழுவதும் நிலைகுலைந்து போகும். ஜாக் ஷோன்காஃப் போன்ற குழந்தை மருத்துவர்கள் இதை நச்சு மன அழுத்தம் என்றே அழைக்கிறார்கள். இதில் அதிகம் அடிபடுவது ஹிப்போகாம்பஸ், நடந்ததை "எங்கே, எப்போது" என்ற அடையாளத்தோடு நினைவில் வைக்க உதவும் பகுதி. ஹார்வர்டில் மார்ட்டின் டைச்சரும் அவருடன் வேலை செய்தவர்களும் 18 முதல் 25 வயது வரையிலான 193 பேரை ஆராய்ந்து 2012-ல் வெளியிட்டார்கள். சிறுவயதில் கொடுமைக்கு ஆளானவர்களுக்கு ஹிப்போகாம்பஸின் சில உட்பகுதிகள் சுமார் 6 சதவீதம் சிறியதாக இருந்தன. இதைப் படித்த பிறகுதான் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. அவனுக்கு அது "அஞ்சு வருஷத்துக்கு முன்னால் நடந்தது" என்ற தேதியோடு வருவதில்லை. காலரில் ஒரு கை பட்டால் அது இப்போது நடக்கிறது. அப்படிப்பட்டவனிடம் போய் மறந்துவிடு என்று எப்படிச் சொல்வது?

"அடியாத மாடு படியாது" என்ற பழமொழியையும் அதே கூட்டத்தில் கேட்டேன். உங்கள் விதியில் அடி இல்லை என்பது சரி, அதற்கு நன்றி. ஆனால் பயத்தைக் காட்டித்தான் படிய வைக்கப் பார்க்கிறீர்கள், பயத்தில்தான் இந்தப் பிள்ளைகளின் பிரச்சினையே தொடங்கியது. எச்சரிக்கைக் கடிதம் சாதாரணப் பிள்ளைக்கு வெட்கமாக இருக்கும், அடுத்த முறை கவனமாக இருப்பான். என் வீட்டுப் பையன் முதல் கடிதம் வந்த அன்று இரவு என்ன செய்தான் தெரியுமா? 3 வருஷமாக விட்டிருந்த பழக்கம், இரண்டு சட்டையை மடித்துப் பையில் வைத்து, பையைக் கதவுப் பக்கம் வைத்தான். பள்ளியிலிருந்து அனுப்பினால் வீட்டிலிருந்தும் அனுப்பிவிடுவோம் என்று அவனாகவே முடிவு கட்டிவிட்டான்.

இதுவரை சத்தம் போடும் பிள்ளையைப் பற்றிச் சொன்னேன். சத்தமே போடாத பிள்ளை ஒருத்தியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், அது நான்.

நானும் அக்காவும் வளர்ந்த வீடும் அப்படிப்பட்டதுதான். நான் பள்ளியில் ஒரு முறைகூட யாரிடமும் திட்டு வாங்கியதில்லை. மேடை ஏற்றி நல்லொழுக்கப் பரிசு இரண்டு முறை கொடுத்தார்கள். யாருக்கும் தொந்தரவு தராமல் இருந்தால் யாரும் என்னைப் பார்க்க மாட்டார்கள், பார்க்காவிட்டால் எதுவும் நடக்காது, இதுதான் என் ஒழுக்கத்தின் ரகசியம். உங்கள் விதி அன்று அங்கே இருந்திருந்தால் என்னை முன்மாதிரி மாணவி என்று காட்டியிருப்பீர்கள். 29 வயதில் எழுந்து பல் தேய்க்க முடியாமல் படுக்கையில் கிடந்தேன். அதற்கு முன் 3 வருஷம் நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது என்று இதயத்துக்கும் நுரையீரலுக்கும் மாறி மாறிப் பரிசோதனை செய்தார்கள், எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அனுப்பினார்கள். சிறுவயதில் உங்கள் வீடு எப்படி இருந்தது என்று கேட்ட முதல் மருத்துவரைச் சந்திக்கும்போது எனக்கு 31 வயது. அந்தக் கேள்விக்கு நான் ஒரு மணி நேரம் அழுதேன், பதில் அடுத்த சந்திப்பில்தான் சொன்னேன்.

வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா என்ற இரண்டு மருத்துவர்கள் 1990-களில் அமெரிக்காவின் சான் டியேகோவில் 17,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் அவர்கள் சிறுவயதைப் பற்றிக் கேட்டார்கள். அடி, வசவு, பாலியல் கொடுமை, தாய் அடிபடுவதைப் பார்த்தது, குடிக்கு அடிமையானவரோடு வாழ்ந்தது, இப்படி. 1998-ல் வெளியான அந்த ஆய்வின் முதல் கட்டுரை என்ன சொன்னது என்றால், இவற்றில் 4 அல்லது அதற்கு மேல் அனுபவித்தவர்களுக்கு, எதையும் அனுபவிக்காதவர்களைவிட, மனச்சோர்வு, குடி, போதை, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் ஆபத்து 4 முதல் 12 மடங்கு. அவர்களில் பெரும்பாலோர் மருத்துவக் காப்பீடு உள்ள, படித்த, நடுத்தர வர்க்கத்தினர். "எங்க பள்ளிக்கு வர்ற குடும்பங்கள்ல அதெல்லாம் இருக்காது" என்று நினைத்திருந்தால், இதையும் கேளுங்கள். அவர்கள் கேட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்குக் குறைந்தது ஒன்றாவது இருந்தது. 21 நாடுகளில் உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து நடத்திய கணக்கெடுப்புகளை வைத்து ரொனால்ட் கெஸ்லர் குழுவினர் 2010-ல் எழுதியதில், மனநலக் கோளாறுகளில் ஏறக்குறைய 30 சதவீதத்துக்குச் சிறுவயதுத் துன்பங்களோடு தொடர்பு இருந்தது. உங்கள் பள்ளியில் எத்தனை பிள்ளைகள் படிக்கிறார்கள் என்பது என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும். அவர்களில் எத்தனை பேர் என்னைப் போல் பரிசு வாங்கிக்கொண்டு இருக்கிறார்கள் என்பது யாருக்கும் தெரியாது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, அப்படியானால் ஒன்றும் செய்ய முடியாது, இவர்கள் இப்படித்தான் ஆவார்கள் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம் எனக்கு உண்டு. "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா" என்பதை அப்படியே தீர்ப்பாக எழுதிவிடாதீர்கள். அமெரிக்க ஆய்வில் வந்த மடங்குக் கணக்கு ஒரு பெரிய கூட்டத்துக்கானது, ஒரு தனிப் பிள்ளையின் நெற்றியில் ஒட்டுவதற்கு இல்லை. அந்த எண்ணிக்கையை வைத்துத் தனி ஆளின் எதிர்காலத்தைச் சொல்லாதீர்கள் என்று 2020-ல் ராபர்ட் ஆண்டாவே எழுதினார்.

ருமேனியாவில் அனாதை இல்லங்களில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் தூக்கிக் கொஞ்ச ஆளில்லாமல் கட்டில்களில் கிடந்தார்கள். அங்கிருந்து பிரிட்டனுக்குத் தத்துப் போன சிலரைப் பெரியவர்களான பிறகு ஸ்கேன் செய்து 2020-ல் வெளியிட்ட ஆய்வில், அவர்களின் மூளை, பிரிட்டனிலேயே பிறந்து தத்துப் போனவர்களின் மூளையைவிட சராசரியாக 8.6 சதவீதம் சிறியதாக இருந்தது. நல்ல வீட்டில் 20 வருஷம் வளர்ந்த பிறகும். இது மனசை உடைக்கும் செய்தி. ஆனால் அதே நாட்டில், புக்கரெஸ்டில், சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஜீனா ஆகியோர் 2000-களின் தொடக்கத்தில் ஆரம்பித்த ஆய்வு இன்னொன்றைச் சொல்கிறது. இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப் பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனார்கள். போனவர்கள் தேறினார்கள், குறிப்பாக 2 வயதுக்கு முன் போனவர்களின் அறிவுத்திறனும், வளர்ப்பவரோடு ஒட்டிக்கொள்ளும் உறவும் நன்றாகவே தேறின. அமெரிக்காவின் ஹவாயில் உள்ள கவாய் தீவில் 1955-ல் பிறந்த 698 குழந்தைகளைப் பல பத்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த உளவியல் ஆய்வாளர் எம்மி வெர்னர், மிகக் கஷ்டமான சூழலில் வளர்ந்தவர்களிலும் மூன்றில் ஒருவர் நன்றாகவே தலையெடுத்ததைக் கண்டார். அவர்களுக்குப் பொதுவாக இருந்தவற்றில் முக்கியமானது, நம்பிப் போகக்கூடிய ஒரு பெரியவராவது பக்கத்தில் இருந்தது. பெற்றவராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, பாட்டியோ, பக்கத்து வீட்டுக்காரரோ, ஒரு ஆசிரியரோ போதும்.

எனக்கு அது நூலக ஆசிரியை. பள்ளி முடிந்தபின் ஒரு மணி நேரம் நூலகத்தில் இருந்துவிட்டுப் போக விட்டார். ஏன் வீட்டுக்குப் போகவில்லை என்று கேட்டதே இல்லை. புத்தகங்களை அடுக்கச் சொல்வார், நான் அடுக்குவேன். அவ்வளவுதான். அக்காவுக்கு அந்த மாதிரி யாரும் கிடைக்கவில்லை. எங்கள் இருவர் வாழ்க்கைக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்துக்கு இது மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் இதை நினைக்காமல் ஒரு நாளும் போவதில்லை.

என் அக்கா மகனுக்கு அது உங்கள் ஆலோசகர். காலையில் முதல் மணி அடிக்கும் முன் அவர் அறையில் 10 நிமிஷம் உட்காருவான். சில நாள் பேசுவான், பல நாள் பேச மாட்டான். வகுப்பில் தாங்க முடியாமல் போனால் மேஜை மேல் ஒரு நீல அட்டையை வைத்துவிட்டு எழுந்து அங்கே போகலாம் என்று வகுப்பு ஆசிரியரோடு பேசி ஏற்பாடு செய்திருந்தார். முதல் மாதம் அந்த அட்டையைத் தினமும் எடுத்தான். ஆறாவது மாதம் வாரத்துக்கு ஒரு தடவை. கடைசி இரண்டு மாதம் எடுக்கவே இல்லை, ஆனால் அட்டை பையில் இருந்தது, அது இருக்கிறது என்பதே அவனுக்குப் போதுமாக இருந்தது. மூன்றாவது கடிதம் வந்த அன்று வகுப்பைவிட்டு ஓடியவன் நேராக எங்கே போனான் என்று விசாரித்தீர்களா? அந்த அறைக்குத்தான் போயிருக்கிறான். பூட்டியிருந்தது. கடிதத்தில் "அனுமதியின்றி நடமாட்டம்" என்று எழுதியிருக்கிறீர்கள்.

மற்றப் பெற்றோர்களின் கவலை எனக்குப் புரிகிறது. ஆசிரியர்களுக்கும் பாதுகாப்பு வேண்டும், அடிபட்டுக்கொண்டு பாடம் நடத்த முடியாது. ஒரு வகுப்பில் அத்தனை பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒவ்வொருவரின் பின்கதையையும் ஒரு ஆசிரியர் தனியாகச் சுமக்க முடியாது என்பதும் சரி. அதற்காகத்தான் ஆலோசகர் என்று ஒருவர் தேவைப்பட்டார். அவரை எடுத்துவிட்டு அவர் செய்த வேலையை ஒரு கடிதத்தின் தலையில் கட்டியிருக்கிறீர்கள், அதன் பாரம் ஆசிரியர்கள் மேலும்தான் விழுகிறது.

நான் கேட்பவை இவை.

மூன்று எச்சரிக்கை, பிறகு நீக்கம் என்ற விதியை நிறுத்தி வையுங்கள். இந்த 6 வாரத்தில் அதன்கீழ் எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை கடிதம் போனது என்று நீங்களே எண்ணிப் பாருங்கள், பெயர்கள் வேண்டாம், எண்ணிக்கையை மட்டும் பெற்றோர்களுக்குச் சொல்லுங்கள். என் வீட்டுக்கு வந்த மூன்றையும் திரும்பப் பெறுங்கள், அல்லது அவற்றோடு என் விளக்கத்தையும் சேர்த்து வையுங்கள், ஏனென்றால் அந்தத் தாள்கள் அடுத்த பள்ளிக்கும் அவனுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும்.

ஆலோசகர் பணியிடத்தைத் திரும்பக் கொண்டுவாருங்கள், அறையோடு. முழுநேரம் இப்போது இயலாது என்றால் வாரத்தில் எந்தெந்த நாள் என்று நிச்சயமாகச் சொல்லுங்கள், ஆள் அடிக்கடி மாறாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். இந்தப் பிள்ளைகளுக்கு நாளும் நேரமும் முகமும் மாறாமல் இருப்பதுதான் முக்கியம். புது ஆள் வரும்வரை, ஒவ்வொரு வகுப்புக்கும் "போய் உட்காரலாம்" என்று ஒரு பெரியவரையும் ஓர் இடத்தையும் குறித்துக் கொடுங்கள், அது அலுவலக உதவியாளராக இருந்தாலும் சரி, நூலகராக இருந்தாலும் சரி. நீல அட்டை ஏற்பாட்டை நாளையே மறுபடி தொடங்கலாம், அதற்குச் செலவே இல்லை.

ஆசிரியர்கள் மட்டுமில்லாமல் வாகன ஓட்டுநர், காவலாளி வரை எல்லோருக்கும் இதைப் பற்றி ஒரு முழுநாள் பயிற்சி கொடுங்கள், மனநலத் துறையில் பிள்ளைகளோடு வேலை செய்பவர் ஒருவரைக் கூப்பிட்டு. எந்தப் பிள்ளையையும் பின்னாலிருந்து தொடுவது, காலரைப் பிடிப்பது கூடாது என்பதை எழுத்தில் கொண்டுவாருங்கள். ஒரு சம்பவம் நடந்தால் தண்டனை எழுதும் முன் அந்தப் பிள்ளை அமைதியான பிறகு அவனிடமும் வீட்டிலும் பேசிவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள், இதைப் படித்துவிட்டு எல்லாப் பிள்ளைகளிடமும் வீட்டில் என்ன நடக்கிறது என்று கேள்வித்தாள் கொடுத்து மதிப்பெண் போட வேண்டாம். கேட்டுவிட்டு உதவ ஆள் இல்லாமல் விடுவது கேட்காமல் இருப்பதைவிட மோசம், அந்தத் தாள் யார் கையில் கிடைக்கும் என்பதும் தெரியாது.

அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் எனக்கு 15 நிமிஷம் கொடுங்கள். வேறு சில பெற்றோர்களும் வரத் தயாராக இருக்கிறார்கள். கூட்டத் தேதிக்கு முன்பே எழுத்தில் பதில் தாருங்கள், நான்காவது சம்பவம் ஏதாவது நடந்துவிட்டால் அந்தக் கூட்டம் முடியும்வரை அவனை நீக்கும் முடிவு எடுக்க மாட்டோம் என்ற உறுதியையும் அதில் சேர்த்துத் தாருங்கள். அதை நான் அவனுக்குப் படித்துக் காட்ட வேண்டும், பை இன்னும் கதவுப் பக்கம்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் பள்ளியில் படிக்கும் ஒரு பையனின் சித்தி